கட்டிக்கொடுத்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

கோவை பீளமேட்டில் விவசாயத்திலும் பருத்தித் தொழிலிலும் தழைத்த குடும்பம் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவுடையது. வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி என்று அவருக்கு நான்கு மகன்கள். சொத்தைப் பிரிக்கும்போது நால்வரும் ஐந்து பங்கு வைத்தார்கள், ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு என்று கோவைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1926-ஆம் ஆண்டு 2,01,000 ரூபாயை மூலதனமாக வைத்து ‘பி.எஸ்.ஜி அண்ட் சன்ஸ் சாரிட்டீஸ்’ தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த அந்தக் குடும்பத்தின் கல்விப்பணி 1947-ல் கலை அறிவியல் கல்லூரி, 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரி, 1985-ல் மருத்துவக் கல்லூரி என்று வளர்ந்துகொண்டே போனது. கோவையின் பம்புசெட், மோட்டார், லேத் பட்டறைகளில் பாதிப் பேரையாவது கேட்டுப் பாருங்கள். படித்த இடம் என்றோ, பிள்ளையைச் சேர்த்த இடம் என்றோ பீளமேட்டைச் சொல்வார்கள்.

இப்படி ஒரு மூலதனத்தைப் போட்டு, அதன் வருமானத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு நற்பணி நடக்கட்டும் என்று இன்றைக்கு ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தை ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் கணக்கில் சேராது. எந்த ஓர் அறக்கட்டளையின் மூலநிதியில் பணம் போட்டாலும் அது சி.எஸ்.ஆர். செலவாகக் கொள்ளப்படாது என்பது 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்த விதிக்கு நியாயமான காரணமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நூறாண்டுக்கு முன் பீளமேட்டில் நடந்ததையும் இன்று ஊரெங்கும் திறப்புவிழா காணும் வகுப்பறைகளையும் குடிநீர் இயந்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி தானாக எழுகிறது. கொடுக்கும் பணம் பல மடங்கு பெருகிவிட்டது. கொடுத்தது நிலைக்கிறதா?

இரண்டு சதவீதச் சட்டம்

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகத்துக்காகச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், குடிநீர், சுற்றுச்சூழல், கிராம வளர்ச்சி, பாரம்பரியச் சின்னங்கள் என்று எதெதற்குச் செலவிடலாம் என்பதைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை இதில் வராது. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் வராது.

உலகில் இப்படிச் சட்டம் போட்டுக் கொடுக்கவைத்த நாடுகள் மிகச் சில. ஆரம்பத்தில் பல தொழிலதிபர்கள் முணுமுணுத்தார்கள். வரி கட்டுகிறோம், வேலை கொடுக்கிறோம், இது மூன்றாவதாக ஒரு சுமையா என்று கேட்டார்கள். ஆனாலும் பணம் வந்தது. 2014-15-ல் நாடு முழுவதும் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த சி.எஸ்.ஆர். செலவு, 2022-23-ல் கிட்டத்தட்ட 30,000 கோடியைத் தொட்டது. கல்வியும் சுகாதாரமும்தான் பெரும்பங்கைப் பெறுகின்றன. இந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இந்தப் பணத்தில் பெரும்பகுதி அரசுப் பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்திருக்காது. சட்டம் செய்த நன்மையை இதைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் ‘செலவு செய், இல்லையென்றால் ஏன் செய்யவில்லை என்று ஆண்டறிக்கையில் சொல்’ என்ற அளவில்தான் சட்டம் இருந்தது. 2021-ல் அது இறுகியது. ஒரு நிதியாண்டில் செலவிடாத பணம், தொடர்ந்து நடக்கும் திட்டத்துக்கு உரியது என்றால், ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். அப்படி ஒரு திட்டம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற, சட்டம் குறிப்பிடும் நிதி ஒன்றுக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி ரூபாய், எது குறைவோ அது அபராதம். ‘தொடர் திட்டம்’ என்பதற்கும் எல்லை உண்டு: தொடங்கிய ஆண்டை விட்டு அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கம்பெனியின் நிதி அதிகாரி எப்படி யோசிப்பார்? மார்ச் 31-க்குள் முடியும் வேலையாகப் பார்ப்பார். பில் வரவேண்டும், புகைப்படம் வரவேண்டும், பயனாளிகள் எத்தனை பேர் என்று ஓர் எண் வரவேண்டும். கட்டடம், கழிப்பறை, ஆர்.ஓ. இயந்திரம், ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர், பெஞ்ச். இவையெல்லாம் பில்லோடு வருபவை. ஒரு துப்புரவுப் பணியாளரின் பத்தாண்டுச் சம்பளம் எந்தப் பில்லிலும் வராது.

30 சதவீதம் பயனற்றுக் கிடந்தன

இதன் விளைவைக் கணக்கெடுத்துச் சொன்ன அரசு ஆவணம் ஒன்று இருக்கிறது. 2014-ல் சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்ததைத் தொடர்ந்து, எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை கட்டும் திட்டம் வந்தது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் சி.எஸ்.ஆர். பணத்தில் 1,40,000-க்கும் மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டியதாக அறிவித்தன. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் போய்ப் பார்க்கவைத்தார். அந்த அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

கட்டியதாகக் கணக்குக் காட்டப்பட்டவற்றில் சில அந்த இடத்திலேயே இல்லை. சில பாதியில் நின்றிருந்தன. இதைவிட மனதை உறுத்துவது, ஒழுங்காகக் கட்டி முடிக்கப்பட்ட கழிப்பறைகளின் நிலை. அவற்றில் 691, அதாவது சுமார் 30 சதவீதம், பயன்பாட்டில் இல்லை. 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி கிடையாது. தினம் ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதி பெரும்பாலான இடங்களில் காற்றில் போயிருந்தது.

செங்கல், சிமெண்ட், ஓடு, கதவு எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. தண்ணீருக்கும் துடைப்பத்துக்கும் இல்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தத் தண்ணீரும் துடைப்பமும்தான். பூட்டிய கழிப்பறையின் சுவரில் நன்கொடையாளர் பெயர் பளிச்சென்று இருந்து என்ன பயன்?

கட்டியவர்களின் நோக்கத்தில் நான் குற்றம் காணவில்லை. யோசிக்காமல் விட்டது கட்டி முடித்த பிறகு வரும் நாட்களைத்தான். தலைமை ஆசிரியர் யாரிடம் போய்க் கேட்பார்? ஊராட்சியிடம் கேட்டால் கம்பெனி கட்டியது என்பார்கள். கம்பெனியைக் கேட்டால் பள்ளியிடம் ஒப்படைத்தாயிற்று என்பார்கள். பள்ளியின் பராமரிப்புப் பணமோ சுண்ணாம்புக்கட்டிக்கும் மின்விளக்குக்குமே போதாது.

96 ஆடுகள்

இந்த விஷயத்தை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தீர்த்து வைத்திருந்தார்கள். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தானம், நந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. கொடுத்தவர்கள் வெறும் விளக்கைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கொடுத்தார்கள். அந்த ஆடுகளை இன்ன இடையர் பொறுப்பேற்க வேண்டும், நாள்தோறும் உழக்கு நெய் கோயிலில் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆடு சாகும், ஆடு கிழடாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக ‘சாவா மூவாப் பேராடு’ என்றே அதற்குப் பெயர். கொடுத்தவர் யார், எரிப்பவர் யார், நெய் எங்கிருந்து வரும், எவ்வளவு வரும் என்ற நான்கும் ஒரே கல்லில் இருந்தன. இன்றைய சி.எஸ்.ஆர். ஒப்பந்தங்களில் முதல் கேள்விக்கு மட்டும்தான் தெளிவான பதில் இருக்கிறது.

தொழில் செய்பவர்கள் சேர்ந்து ஊருக்குச் செய்வதும் நமக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி, கமுதிப் பக்கத்து நாடார் உறவின்முறைகளில் மகமை என்ற வழக்கம் வேரூன்றி இருந்தது. வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று பொதுக் கணக்குக்கு எடுத்து வைப்பார்கள். லாபம் வந்த பிறகு மிச்சம் பார்த்துக் கொடுப்பது அல்ல, வியாபாரம் நடக்கும்போதே பிரித்து வைப்பது. அந்தப் பணத்தில் கோயில் நடந்தது, கிணறு வெட்டப்பட்டது, பள்ளிக்கூடம் எழுந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை நிலைநிறுத்தியது வணிகர்களின் மகமையும், வீட்டுப் பெண்கள் அன்றாடம் சமைக்கும் முன் எடுத்து வைத்த பிடி அரிசியும். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். நாட்டுக்கோட்டை நகரத்தார் பேரேடுகளிலும் தர்மத்துக்கென்று தனிப் பற்று வரவு இருந்தது. ஆண்டுதோறும் பணம் வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆசிரியர் சம்பளத்தைப் பற்றி யாரும் பயப்படவில்லை.

காமராஜர் முதலமைச்சரான பிறகு 1950-களின் இறுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளையும் இங்கே நினைக்க வேண்டும். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் மில்காரர்களும் மேடையில் வந்து, ஒருவர் பெஞ்ச், ஒருவர் கடிகாரம், ஒருவர் ஓர் ஏக்கர் நிலம், ஒருவர் மதிய உணவுக்கு நெல் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் சம்பளமும் அன்றாட நிர்வாகமும் அரசின் பொறுப்பு, மற்றதில் எது குறைகிறதோ அது ஊரின் பொறுப்பு என்ற பிரிவினை அதில் தெளிவாக இருந்தது. முக்கியமாக, கேட்டது பள்ளிக்கூடம், கொடுத்தது ஊர். கொடுப்பவர் என்ன வைத்திருக்கிறாரோ அதைப் பள்ளியின் தலையில் கட்டவில்லை.

அழகப்பர் செய்தது

காரைக்குடிக்கு வருவோம். கோட்டையூரில் 1909-ல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் மலாயாவில் வெள்ளீயம், கேரளத்தில் நூற்பாலை, ஹோட்டல், இன்ஷூரன்ஸ், விமான கம்பெனி என்று கை வைக்காத தொழில் இல்லை. 48 வயது நிறைவதற்குள் 1957-ல் காலமானார். அந்தக் குறுகிய வாழ்வில் அவர் கொடுத்தவற்றின் பட்டியல் நீளமானது. சென்னை கிண்டியில் இன்றும் அவர் பெயரில் இயங்கும் தொழில்நுட்பக் கல்லூரி 1944-ல் அவர் கொடுத்த ஐந்து லட்ச ரூபாயில் உருவானது. 1947-ல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு காரைக்குடியில் கல்லூரி வகுப்புகள் தொடங்கிவிட்டன. தான் வாழ்ந்த வீட்டையும் பெண்கள் கல்விக்காகக் கொடுத்தார்.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்கவைப்பது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சுதந்திர இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை ஒவ்வொன்றாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த நேரம். டெல்லி, புனே, கல்கத்தா போன்ற பெருநகரங்களே பேச்சில் இருந்தன. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தருகிறேன், ஒரு கூடத்தைக் காரைக்குடிக்குக் கொடுங்கள் என்றார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துருப்பிடித்தலைத் தடுப்பது முதல் பேட்டரி வரை ஆராயும் நிறுவனமாக அது இன்றும் இயங்குகிறது.

கவனியுங்கள். அழகப்பர் இடத்தையும் ஆரம்பப் பணத்தையும் கொடுத்தார். விஞ்ஞானிகளின் சம்பளம், கருவிகள், அன்றாடச் செலவு யாருடையது என்பது முதல் நாளிலேயே முடிவாகிவிட்டது. அது அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொறுப்பு. நடத்தத் தெரிந்த ஒரு பொது அமைப்பின் கையில் ஒப்படைத்தார். அவர் போன பிறகு அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாளும் பூட்டு விழாததற்குக் காரணம், அவர் மனசு மட்டும் அல்ல. அவர் செய்த ஏற்பாடும்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அழகப்பர் கொடுத்தது சொந்தப் பணம். பி.எஸ்.ஜி சகோதரர்கள் கொடுத்ததும் சொந்தப் பங்கு. பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு கம்பெனியின் பணம் ஆயிரக்கணக்கான பங்குதாரர்களுடையது. அதை எடுத்து முதலாளி தன் குடும்ப அறக்கட்டளையின் மூலநிதியில் போட்டுவிட்டு, அது ஊருக்குச் செய்த தர்மம் என்று சொல்ல அனுமதிக்கலாமா? கூடாது. மூலநிதிக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுத்ததில் உள்ள நியாயம் அதுதான். பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போய் அங்கேயே படுத்துவிடும் அபாயம் உண்மையானது. அதனால்தான் இன்றைக்குப் பெரிய நிலைநிதிகள் சி.எஸ்.ஆருக்கு வெளியே, உரிமையாளர்களின் சொந்தச் சொத்திலிருந்து வருகின்றன. டாடா சன்ஸ் நிறுவனத்தின் 66 சதவீதப் பங்குகள் டாடா அறக்கட்டளைகளின் கையில் இருக்கின்றன. அசிம் பிரேம்ஜி விப்ரோவில் தனக்குள்ள பொருளாதார உரிமையில் 67 சதவீதம் அளவுக்குத் தன் அறக்கட்டளைக்கு ஒதுக்கியதாக 2019-ல் அறிவித்தார்.

அறக்கட்டளை என்று எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1794-ல் இறந்த பச்சையப்ப முதலியார் உயில் எழுதி வைத்த பணம் பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கி, அதன் மிச்சத்தில்தான் 1842-ல் பள்ளி பிறந்தது. அந்த அறக்கட்டளையின் நிர்வாகம் அண்மைக் காலத்திலும் நீதிமன்றப் படி ஏறியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் நிறுவிய பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் மூழ்கி, 2013-ல் அரசு சட்டம் இயற்றி அதை ஏற்க வேண்டியதாயிற்று. ஆகவே நான் பழைய காலத்தை அப்படியே திரும்பக் கேட்கவில்லை. பழையவர்கள் கொடுத்தபோது இருந்த நீண்ட பார்வையையும், இன்றைய சட்டத்தில் உள்ள கணக்குக் கேட்கும் கண்டிப்பையும் சேர்த்துக் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

முதலில் கொடுக்க வேண்டியது

கொடையைப் பற்றிப் பேசும்போது, கொடைக்கு முன்னால் நிற்கும் கடனைப் பேசாமல் விடக்கூடாது. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி தயாரித்த ஹிந்துஸ்தான் யூனிலீவர் ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக்கடையில் கிடந்தது வெளியானதைத் தொடர்ந்து 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்களின் குடும்பங்களுடனும் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல். நடுவில் 15 ஆண்டுகள். அதற்குள் இறந்துபோனவர்கள் உண்டு. அந்த 15 ஆண்டுகளில் நாட்டின் வேறு மூலைகளில் எத்தனை நலத்திட்டங்கள் நடந்திருந்தாலும், கொடைக்கானல் குடும்பங்களின் கணக்கில் அது ஒரு ரூபாய்கூட வரவாகாது.

ஓர் ஆலை தன் கழிவை ஆற்றில் விடாமல் இருப்பது தர்மம் ஆகாது, கடமை. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய கூலியையும் பி.எஃப்.பையும் கொடுப்பது கடமை. இதைச் செய்யாத நிறுவனம் ஆற்றங்கரையில் ஆயிரம் மரக்கன்று நட்டாலும், அந்த ஊர்க்காரர்கள் அதைக் கடமைக்கு ஈடாக ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். மரக்கன்றை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கழிவைப் பற்றிய கேள்வியைக் கைவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிராக, தொழில் நடத்தும் முறையிலேயே கொடையை வைத்தவர் மதுரையில் இருந்தார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற கண் மருத்துவர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கட்ட முடிந்தவர்கள் கட்டுவார்கள். முடியாதவர்களுக்கும் அதே மருத்துவர், அதே அறுவை சிகிச்சை. கட்டுபவர்களின் பணத்தில் கட்டாதவர்களின் செலவு நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992-ல் ஆரோலேப் என்று தனியாகத் தொடங்கி மதுரையிலேயே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. யாருடைய நன்கொடை வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த நாள் காலை அறுவை சிகிச்சை நடக்கும். நிலைத்து நிற்கும் கொடைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் இதுதான்.

கம்பெனிகளிலும் தங்கிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். டி.வி.எஸ். மோட்டாரின் சீனிவாசன் சேவைகள் அறக்கட்டளை 1996-ல், அதாவது சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கப்பட்டது. படவேடு, திருக்குறுங்குடி போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காக ஒரே ஊரில் இருந்து வேலை செய்யும் முறையை அது வைத்துக்கொண்டது. ஓர் ஊரில் இருந்துகொண்டே இருந்தால்தான், எந்தக் குழாய் உடைந்தது என்பது கொடுத்தவர் காதில் விழும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடு என்கிறது சட்டம். அதனால் ஆலைகள் நிறைந்த மாநிலங்களுக்கே பணம் போகிறது. மகாராஷ்டிரம் முதலிடத்தில் இருக்கிறது, வடகிழக்கு மாநிலங்கள் கடைசியில் நிற்கின்றன. தமிழ்நாட்டிலும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் கிடைப்பது ராமநாதபுரத்துக்குக் கிடைக்காது என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. மத்திய அரசு ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்தவை இரண்டு: ராமநாதபுரம், விருதுநகர். மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிய அதே விருதுநகர். உள்ளூருக்கு முன்னுரிமை என்பது வழிகாட்டுதலே, கட்டாயம் இல்லை என்று நிறுவன விவகார அமைச்சகமே விளக்கியிருக்கிறது. ஆகவே கம்பெனிகள் மனம் வைத்தால் தடை ஏதும் இல்லை.

என்ன செய்யலாம்? முதலாவது, கட்டடமோ கருவியோ கொடுக்கும் எந்தக் கம்பெனியும் அதன் பராமரிப்புச் செலவையும், அதை யார் கவனிப்பார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பராமரிப்பையும் பணியாளர் சம்பளத்தையும் திட்டச் செலவில் சேர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இருந்தும் அதை எழுதுபவர்கள் குறைவு. இரண்டாவது, தொடர் திட்டத்துக்கு உள்ள மூன்றாண்டு எல்லையைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பத்தாண்டாக நீட்ட மத்திய அரசு முன்வர வேண்டும். மூன்றாவது, மூலநிதித் தடையில் ஒரே ஒரு கதவைத் திறக்கலாம். கம்பெனிக்கோ அதன் முதலாளி குடும்பத்துக்கோ எந்தத் தொடர்பும் இல்லாத அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை போன்ற பொது நிறுவனங்களின் பராமரிப்புக்காக, தணிக்கைக்கு உட்பட்ட மூலநிதிக்குக் கொடுக்க அனுமதிக்கலாம். தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ போன்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு வரும் கம்பெனிப் பணமும் தனிநபர் பணமும் அதன் வழியாகச் சேர்கின்றன. அங்கே கட்டுமானத்துக்கு ஒரு கணக்கு, பராமரிப்புக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்தாலே பாதி வழி கடந்துவிடுவோம்.

நான்காவது வேலை வாசகர்களாகிய உங்களுடையது. இன்றைய விதிப்படி பயன் மதிப்பீடு கட்டாயம் என்பது, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடப்பாடு உள்ள கம்பெனிகளின், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு மட்டும்தான். உங்கள் ஊர்ப் பள்ளியின் கழிப்பறையையும் குடிநீர் இயந்திரத்தையும் எந்த மதிப்பீட்டாளரும் வந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மாநிலத்தில், எந்தத் துறையில், எவ்வளவு செலவிட்டது என்ற விவரம் மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலும் சி.எஸ்.ஆர். திட்டங்களை வெளியிட்டாக வேண்டும். உங்கள் பகுதியில் இயங்கும் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். உங்கள் ஊருக்கு வந்ததாக எழுதியிருப்பது உண்மையிலேயே வந்ததா, வந்தது வேலை செய்கிறதா என்று போய்ப் பாருங்கள். பழுதாகிக் கிடந்தால் படம் எடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் கிராம சபையிலும் வையுங்கள். அங்கே போடும் தீர்மானத்தின் நகலை அந்தக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவுக்கும் அனுப்புங்கள். அடுத்த முறை ஒரு கம்பெனி உங்கள் ஊரில் கட்டடம் திறக்க வரும்போது, ரிப்பன் வெட்டும் முன் இதைக் கேளுங்கள்: அடுத்த பத்து வருஷத்துக்கு இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், அதற்கான பணம் எங்கே?